ராட்டினத்துக்கு ஒரு திருத்தம்

தலைவர் வந்திருந்தார். பொருளாளர் வந்திருந்தார். பாலர் வகுப்பு ரீச்சர் வந்திருந்தா. செயலாளராகிய நான் நேரத்தோடு போய் வாங்குப் பலகைகளையெல்லாம் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிள்ளைகளுக்காகக் கூட்டமோ அவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. வராமல் விட்டிருந்தால் ஊருக்கே புண்ணியமாகப் போயிருக்கக்கூடிய ஒருவர் மட்டும் முன்வாங்கில் காலுக்குமேல் கால் போட்டு இருந்தார்.

அவர்தான் 'திருத்தம்'.

நீர்வேலியில் ஒரு நல்ல காரியத்தையும் நடக்கவிடக் கூடாது என்று ஆண்டவனே பார்த்து அனுப்பிவைத்த ஆள் அவர் என்று அன்றைக்கு நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. எங்கள் சனசமூக நிலையத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து, தோளில் கிடக்கும் துவாயை இடுப்பில் கட்டி, "தலைவர் அவர்களே, சின்னத் திருத்தம்" என்பார். வட்டிக்குக் கொடுத்து ஊரை அழவைத்த ஒருவர் செத்தபோது அனுதாபத் தீர்மானம் எழுதினோம். 'ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு' என்று இருந்தது. 'பேர்' மிகை என்றார் இவர். எடுத்தோம். அந்தத் துணிவில் வேறொருவர் 'ஈடுசெய்ய முடியாத' என்பதையும் எடுக்கச் சொன்னார். செத்தவீட்டில் நான் 'இழப்பு' என்று மட்டும் வாசித்துவிட்டு இறங்க வேண்டியதாயிற்று.

எண்பத்தைந்தாம் ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த சில கிழமைகள். யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஒரு கார்னிவல் வந்திருந்தது. எங்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரிய விசித்திரம் ஹெலிகொப்டர்தான். அதையும் கட்டிலுக்குக் கீழே படுத்தபடி சத்தமாக மட்டும் அறிந்தவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். செயலாளர் என்றால் சொன்னதைச் செய்து முடிப்பவன் என்று நினைத்திருந்தேன். ஆகவே கூட்டத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் போய், வருகிற சனிக்கிழமை ராட்டினம் ஏறப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையோடு கார்னிவல் முடிகிறது.

"சொல்லிப்போட்டீரே தம்பி," என்றா ரீச்சர். "இனி உதுகள் என்னை இருக்கவிடாதுகள்."

கூட்டம் தொடங்கியது. துவாய் இடுப்புக்குப் போனது.

"பஸ்ஸிலை போறதெண்டால் ஆர் சத்தி எடுப்பினம், ஆர் எடுக்காயினம் எண்டு முதலே பிரிக்கவேணும்."

"அதை எப்பிடியண்ணை முதலே அறியிறது?" என்றேன்.

"சுத்திப் பாக்கவேணும்."

மறுநாள் பாலர் வகுப்பு முற்றத்தில் ஒவ்வொரு பிள்ளையாகக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, காற்றில் சுற்றிச் சுற்றி இறக்கினார். ஒரு பிள்ளைக்கும் வாந்தி வரவில்லை. வரிசையில் மறுபடி வந்து நின்றார்கள். வேலியோரம் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை கூட்டத்தில் மரணக் கிணறு அகப்பட்டது. பலகையால் அடித்த கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவான். சனம் மேலே நின்று பார்க்கும்.

"கிணத்துக்குள்ளை எட்டிப்பாக்காதை எண்டு வீட்டிலை பிள்ளைக்கு அடிக்கிறம். ரவுணுக்குக் கொண்டுபோய்க் காசு குடுத்து எட்டிப்பாக்கச் சொல்லுறதோ?"

தலைவருக்கு அது நியாயமாகப் பட்டது. மரணக் கிணறு போயிற்று. "பெரிய ராட்டினத்திலை முதல் பெரியாக்கள் ஆரும் ஏறிப் பாத்துப்போட்டுத்தான் பிள்ளையளை ஏத்தவேணும்," என்றார் அடுத்ததாக. அதற்கு ஒரு உபகுழு. அதில் அவரும் நானும்.

வெள்ளிக்கிழமை கோப்பாய் தாண்டி ரவுணுக்குச் சைக்கிளில் போனோம். என்னைக் கீழே நிறுத்திவிட்டு அவர் ஏறினார். அவருடைய பெட்டி உச்சிக்குப் போனதும், "நிப்பாட்டு" என்று ஒரு சத்தம். ராட்டினம் நின்றது. மேலே நின்று பெட்டியின் கொளுக்கியை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார். மற்றப் பெட்டிகளில் இருந்தவர்கள் அவருடைய தாய் தகப்பனையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்ற நான், ஆளை அறியாதவன்போல் மறுபக்கம் பார்த்தேன். இறங்கியபிறகும் வரவில்லை. கார்னிவல்காரருடன் ஒரு சுருட்டு முடியுமட்டும் நின்று கதைத்தார்.

அன்று பின்னேரக் கூட்டத்தில் அவருடைய அறிக்கை இவ்வளவுதான்: "கொளுக்கி தேஞ்சுபோச்சு. கம்பி சுத்தி வைச்சிருக்கிறாங்கள். பிள்ளையளை ஏத்தேலாது."

அந்தக் கம்பியை நானும் கண்டிருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அப்ப நாளைக்கு விடிய வெளிக்கிட்டு வந்து நிக்கப்போற பிள்ளையளுக்கு நீங்களே வந்து சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் எழுந்தார்.

"சின்னத் திருத்தம்."

"இன்னுமோ?" என்றார் தலைவர்.

"பிள்ளையள் ராட்டினத்திட்டைப் போறது எண்டதை, ராட்டினம் பிள்ளையளிட்டை வாறது எண்டு மாத்துங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவருக்கு வீட்டில் புட்டு ஆறிக்கொண்டிருந்தது. "ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ. சரி. ஏகமனதாய் நிறைவேறீட்டுது. போவம்." நான் கையை உயர்த்தவில்லை. ஏகமனதாக என்று என் கையாலேயே எழுதவைத்தார்கள்.

சனிக்கிழமை விடியப் பவுடர் பூசி, சப்பாத்துப் போட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். நான்தான் சொன்னேன்; அவர் வரவில்லை. ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒரு சின்னப் பெட்டை மட்டும் கேட்டாள்: "ராட்டினம் செத்துப்போச்சோ மாமா?"

அன்றிரவே பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டேன். அதில் அவரைப் பற்றி நான் எழுதியதை இங்கே அச்சில் போட முடியாது.

திங்கட்கிழமை கடிதத்தோடு புறப்பட்டேன். பாலர் வகுப்பு வாசலில் ஒரு லொறி வளைந்துகொண்டிருந்தது. முன்னால் சைக்கிளில் திருத்தம், ஒரு கையை உயர்த்தி அதற்கு வழி காட்டிக்கொண்டு. கார்னிவல்காரர் அடுத்ததாகப் பருத்தித்துறைக்குப் போகிறார்கள் என்பதையும், போகிற வீதி எங்கள் ஊருக்குள்ளால்தான் என்பதையும் வெள்ளிக்கிழமையே அவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறார். அதை எங்களிடம் சொன்னாரா? இல்லை. சொல்லியிருந்தால் சனிக்கிழமை நான் அந்த முகங்களுக்கு முன்னால் அப்படி நின்றிருப்பேனா?

இறங்கியது பெரிய ராட்டினம் அல்ல. கையால் தள்ளிச் சுற்றுகிற குதிரை ராட்டினம். குதிரைகளில் ஒன்றுக்குக் காது இல்லை. ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குதிரையிலும் தானே முதலில் ஏறி இருந்து பார்த்தார், குதிரைகள் முனகின. அதன்பிறகுதான் பிள்ளைகளை விட்டார். பொழுதுபடும்வரை தள்ளியவரும் அவர்தான்.

"எவ்வளவண்ணை குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"உது உமக்கென்னத்துக்கு?"

"செயலாளர் நான். கணக்கு வைக்கவேணும்."

"வையாதையும்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

குதிரைகளை ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டபோது, அதை மூடியிருந்த படங்குக்குக் கீழே கண்டேன்: இதரை வாழைக்குலை ஏழு. சண்டை பிடிப்பதென்றே அவருடைய வாழைத்தோட்டத்துக்குப் போனேன். அங்கே குலை வெட்டிய மரமும் ஏழுதான்; வெட்டக்கூடியதாக இனி ஒன்றும் நிற்கவில்லை.