பூண்டி ஏரியில் கப்பல்

எனக்கு வழி தெரியாது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடல் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பேன். வேறு யாராவது இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நான் விமானம் ஓட்டிச் சாப்பிடுகிறவள் என்பதால், இந்த உண்மையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். (வீட்டுக்குள் என்றால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் முழுக்க. எங்கள் வீட்டில் ரகசியம் தங்காது.)

எங்கள் குடும்பத்தில் வழி தெரிந்தவர் என் அப்பா, நைனாதான். துறைமுகத்துக் கன்டெய்னர்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறவர். நாற்பதடி வண்டியைத் தண்டையார்பேட்டைச் சந்துக்குள் பின்பக்கமாகவே விட்டு, கொடியில் காயும் புடவையைக்கூடத் தொடாமல் நிறுத்துவார். நான் இரண்டாயிரம் மணி நேரம் பறந்திருக்கிறேன். அவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்கும்போது இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

ஆந்திராவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, கடைசிப் பரீட்சைக்கு முந்தைய லீவில் வீட்டுக்கு வந்தேன். கிளம்பும் அன்று நைனா தன் டிரெய்லரின் டாஷ்போர்டிலிருந்து சிறிய மாதா சிலையைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“பத்தொம்பது வர்சமா எனுக்கு வயி காட்டிகினு வந்தாங்க. இனிமே உனுக்குக் காட்டட்டும்.”

டாஷ்போர்டில் இருந்த இரும்புத் தகட்டில் சிலை நிற்பதற்காக, அதன் அடியில் வட்டமாக ஒரு காந்தம் இருந்தது. பிளஸ் டூ இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் காந்தத்தைக் கண்ணால் பார்த்தேன், விரலால் தடவியும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் போனால் வெளியே எதுவும் தெரியாது. அப்போது முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரிய வேண்டும். பரீட்சை நாளில் மேகத்துக்கு எங்கே போவது? அதனால் தலையில் ஒரு தொப்பியை மாட்டிவிடுவார்கள். அதன் நீண்ட மறைப்பு, வண்டிக் குதிரைக்குக் கட்டியதைப் போலக் கண்ணைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர்தான் நமக்கும் சேர்த்து வெளியே பார்ப்பார். பள்ளியிலிருந்து தென்கிழக்கே பூண்டி ஏரி வரை போய்த் திரும்ப வேண்டும். ஜி.பி.எஸ்.ஸையும் அணைத்துவிடுவார்கள். திசை, வேகம், கடிகாரம் இந்த மூன்றும்தான் துணை.

திசை காட்ட இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, கண்ணாடி ஓரத்தில் இருக்கும் காந்தத் திசைகாட்டி. அது எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று கைரோ. அது ஆடாது, ஆனால் போகப் போகக் கொஞ்சம் நழுவும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்துக் கைரோவைத் திருத்த வேண்டும். ஒழுக்கமான மாணவிகள் இதை மறக்கமாட்டார்கள்.

அன்று தேர்வாளர் மேடம் வெளியே நின்று காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் இரட்டைப் பக்க டேப்பால் மாதாவை ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று இடம் தேடித் தேடி, திசைகாட்டிக்குச் சரியாகக் கீழே ஒட்டினேன்.

பயம் அவ்வளவு. ஜெயித்தால் லைசென்ஸ். தோற்றால் பள்ளியில் ஒன்றும் தலை போய்விடாது, மறுபடி எழுதலாம். ஆனால் நைனா கன்டெய்னர் யார்டு முழுக்க ‘எம் பொண்ணு பைலட்டு’ என்று சொல்லி முடித்திருந்தார். நம்பாதவர்களும் அங்கே சிலர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓடுபாதையின் திசையை அதன் மேலேயே பெரிய எண்ணாக எழுதியிருப்பார்கள். என் கருவிகள் அதிலிருந்து பதினைந்து டிகிரி தள்ளிக் காட்டின. கருவியில் ஏதோ கோளாறு என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். ஓடுபாதையைத்தான் கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். (கான்ட்ராக்ட் வேலைதானே.)

மேலே ஏறியதும் தொப்பியை மாட்டிக்கொண்டேன். கால் மணிக்கு ஒருமுறை, நொடி பிசகாமல், திசைகாட்டியைப் பார்த்துக் கைரோவைத் திருத்தினேன். என் கடமை உணர்ச்சியில் எனக்கே மெய்சிலிர்த்தது. கைரோ பாவம், தன் போக்கில் விட்டிருந்தால் எப்படியாவது சரியான பக்கம் நழுவிப் போயிருக்கும். நான் விடவில்லை. நடுவில் சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இரண்டு முறை எங்களைக் கூப்பிட்டார்கள். மேடம் தானே அமைதியாகப் பதில் சொன்னார். நன்றாக ஓட்டுகிறவர்களை விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“இப்ப எங்க இருக்கோம்?” என்றார் மேடம்.

“பூண்டி ஏரிக்கு மேல, மேடம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா, மேடம்.”

“தொப்பியைக் கழட்டும்மா. ஏரியில கப்பல் நிக்குது.”

கழற்றினேன். ஒன்றல்ல, ஏழெட்டுக் கப்பல்கள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஆறு கடலில் விழும் முகத்துவாரம். அதற்குத் தெற்கே எர்ணாவூர்க் குடியிருப்புகள், அவற்றை ஒட்டிய சாலையில், துறைமுகத்துக்குள் போக எறும்பு போல வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள். ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு வழி தெரிந்த ஒரே இடத்துக்கு, வழி தவறி வந்து சேர்ந்திருந்தேன்.

மேடம் கையை நீட்டி மாதாவை மெல்லப் பெயர்த்தெடுத்து, கைக்குட்டையில் சுற்றி, பின்சீட்டிலிருந்த தன் பைக்குள் பத்திரமாக வைத்தார். திசைகாட்டி பதினைந்து டிகிரி நகர்ந்து நின்றது.

“ரன்வேயிலயே பாத்துட்டேன். நீயும் பாப்பேன்னு காத்துட்டிருந்தேன்,” என்றார்.

அவ்வளவு நேரமும் கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொல்லிக்கொண்டு, எங்கள் இருவர் உயிரையும் கண்ணாலேயே காத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த நிலையிலும் ஓட்டினால் இந்த அம்மாள் மாதிரி ஓட்ட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இனி வெளியே பார்த்தே ஓட்டச் சொன்னார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில், எர்ணாவூருக்கு மேலே விமானத்தைக் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்துத் திருப்பிவிட்டேன். இறங்கிய பிறகு மேடம் காகிதத்தில் எழுதினார்: தேர்ச்சி இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு நைனாவைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என்னைப் பேசவே விடவில்லை அவர்.

“ஸ்டெல்லா, மதியானம் எர்ணாவூராண்ட லைன்ல நின்னுகினு இருந்தேன்மா. மேல ஒரு சின்ன பிளேன் வந்துச்சு. வண்டிய வுட்டு எறங்கிப் பாத்தேன். இன்னா சோக்கா சாஞ்சு திரும்புச்சு தெரியுமா? காதர் பாயாண்ட சொன்னேன், எம் பொண்ணும் இப்டித்தான் ஓட்டும்னு.”

காதர் பாய், நைனாவின் இருபது வருடத் தோஸ்து. வரிசையில் எப்போதும் பின்வண்டி அவருடையதுதான்.

“நைனா, அது நான்தான்,” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வழி தவறியதை, தோற்றதை, காந்தத்தைக்கூட.

லாரி ஹாரன்களுக்கு நடுவே, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் வேறு யாரிடமோ சொல்வது கேட்டது.

“பாய், அது எம் பொண்ணுதான் பாய். என்னப் பாக்க வந்துக்குது.”

நான் அழுதுவிட்டேன். பரீட்சையை இன்னொரு தபா எழுதிக்கலாம், அதுக்கு இன்னா இப்போ, என்றார் நைனா. அடுத்த மாதமே எழுதித் தேர்ச்சியும் பெற்றேன். அந்தத் தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. தோற்ற நாளைத்தான் கதையாகச் சொல்கிறார்கள். யார்டில் அது இப்போது, லைனில் நின்ற அப்பனுக்கு மேலேயிருந்து சலாம் வைத்துவிட்டுப் போன பெண்ணின் கதை.

போன வருடம் காதர் பாய் வீட்டுக் கல்யாணத்தில் நாலு டிரைவர்களிடம் பாய் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். இனியும் பொறுப்பதில்லை என்று உட்கார்ந்து, திசைகாட்டி, கைரோ, காந்தம், பதினைந்து டிகிரி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பாய் பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் கரீக்ட்டுமா. அன்னிக்கு நீ வந்தியா, இல்லியா?”

வந்தேன் பாய், என்றேன்.