குண்டூசிக்காக வேலையை விட்டவர்

காலமான திவானுக்காக மைசூர் ராஜ்யத்தில் கண்ணீர் விடாதவர்கள் கிடையாது. ஆனால் அவர் சொன்னதை நிஜமென்று நம்பித் தொலைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் முள்ளு ஐயங்கார். பெற்றவர்கள் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளம் கொடுப்பவருக்கே மறந்துபோயிருந்தது.

பட்டோ, சந்தனமோ, இரும்போ, நம் மண்ணில் கிடைப்பதை அப்படியே மூட்டை கட்டிக் கப்பலேற்றாதே, இங்கேயே பண்டமாக்கு என்பது அந்தத் திவானின் கொள்கை. அவர் போட்ட பாதையைப் பார்த்துத்தான் பிற்பாடு தேசம் முழுவதற்கும் பொருளாதாரத் திட்டம் வேண்டுமென்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் கண் மூடியபோது எங்கள் ஆபீஸில் அனுதாபக் கூட்டம் நடந்தது. சூப்பரின்டெண்டென்ட் ராயர் விம்மிக்கொண்டே தீர்மானம் வாசித்தார். முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஐயங்கார் விறுவிறுவென்று வந்து, தீர்மானக் காகிதங்களில் செருகியிருந்த குண்டூசியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார்.

“ஸ்வாமி, இது எந்த ஊர்ல பண்ணினது?”

ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சீமை ஊசிதான். அதுக்கு ஏன்ரீ இப்போ?” என்றார்.

“குண்டூசிகூடக் கப்பல்ல வர்ற ஊர்ல அவருக்கு எதுக்குக் கூட்டம்? நம்மூர் ஊசி வர்றவரைக்கும் இதை நான் தொடமாட்டேன்.”

மறுநாள் முதல் அவருடைய ஃபைல்கள் கருவேல முள் குத்தி வந்தன. பியூன் அவற்றைப் பாம்புப் பெட்டிபோலத் தூக்கி வருவான். டிங்சர் பாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட எங்கள் செக்ஷனில்தான் அதிகம். ஒருநாள் ராயரின் கட்டைவிரலில் முள் ஏறி, விரல் வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. அவர் இடது கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ கள்ளக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது.

“ஐயங்காரே, உம்மைக் குண்டலுபேட்டைக்குத் தூக்கிப் போட்டுடுவேன்!”

“தாராளமாப் போடுங்கோ. அந்தப் பக்கம் முள்ளு இன்னும் நன்னா, நீளமாக் கெடைக்கும்.”

ராயர் போட்டேவிட்டார். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஐயங்கார் கல்யாணத்துக்குப் போகிறவர்போல ஏறி உட்கார்ந்தார். அவர் சம்சாரம் மாமிதான் பெட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் நின்று, “இவர் முள்ளைப் பிடிச்சார். இப்போ முள்ளு எங்களைப் பிடிச்சுண்டுடுத்து” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல்கள் நின்றன. குண்டூசி, குதிரைக்கொம்பாயிற்று. காற்றடித்தால் மைசூர் சர்க்காரே பறந்தது. வேறு வழியில்லாமல் ராயர் ஐயங்காரைத் திரும்ப வரவழைத்து, எல்லா செக்ஷனுக்கும் முள் சப்ளை செய்யச் சொன்னார்.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க ஐயங்காரே” என்றார் பெரிய மனதோடு.

ஐயங்காருக்கு வந்ததே கோபம்! “ஜெயிச்சேனா? முள்ளு, மரம் பண்ணினது ஸ்வாமி. மனுஷா நாம என்ன பண்ணினோம்? லீவு குடுங்கோ, ஊசி பண்ணிண்டு வரேன்.”

யுத்த காலத்தில் கம்பிக்கு எங்கே போவது? ஐயங்கார் தம் சைக்கிள் சக்கரத்திலிருந்தே கம்பிகளைக் கழற்றி, வெட்டி, கொல்லையில் உட்கார்ந்து அராவத் தொடங்கினார். முதல் ஊசி கடப்பாரைக்குத் தம்பி. ராயர் ஓங்கிக் குத்தியதில் அது ஃபைலைத் துளைத்து மேஜையில் இறங்கிவிட்டது. ஃபைலைப் பார்க்க வேண்டியவர்கள் மேஜையிடம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் சிரித்தோம். ஐயங்கார் மட்டும் ஊசியின் தலையைத் தடவிப் பார்த்து, “சித்தே பருமன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி மெலிய மெலிய சைக்கிளும் மெலிந்தது. ஒருநாள் காலை ஆபீஸ் வாசலிலேயே முன்சக்கரம் அப்பளமாக மடங்க, ஐயங்கார் குப்புற விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம். அதைத் துடைக்க விடாமல் மூடிய கையைத் திறந்தார்.

“மொதல்ல இதைப் பாரும் ஓய்!”

உள்ளங்கையில் மெல்லிய குண்டூசி ஒன்று. இரண்டு காகிதத்தைச் சேர்த்துக் குத்தினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று, பிடித்துக்கொண்டு நின்றது. படியிறங்கி வந்த ராயர் அதை வாங்கி வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “என் சைக்கிளையும் எடுத்துக்கோங்க” என்றார்.

பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது ஐயங்கார் வேலையை உதறிவிட்டு, குண்டூசி பண்ண நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“பென்ஷன் வந்தா உக்காந்துடுவேன் ஓய். அதான் பயம்.”

மாமிதான் அங்கே மேஸ்திரி. பக்கத்துத் தெருப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்து சீமை ஊசி பளபளவென்று திரும்பி வந்தபோது, கொட்டகை இழுத்து மூடப்படும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஐயங்கார் அசரவில்லை. கொண்டை ஊசிக்கு மாறினார். மைசூர்ப் பெண்களின் கூந்தல் கொட்டகையைக் காப்பாற்றியது.

திவான் இறந்த தினத்தில் ஊரெல்லாம் கூட்டம் போடும். கொட்டகையில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அன்றைக்கு நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி நறுக்குவேன். கோணலாக நறுக்குகிறேன் என்று நாள் முழுக்கத் திட்டுவார்.

ஐயங்காரும் போய்விட்டார். அந்த நாள் வந்தால் இன்றைக்கும் கொட்டகைக்குப் போகிறேன். இப்போதும் கோணலாகத்தான் நறுக்குகிறேன். திட்டத்தான் ஆள் இல்லை.