எண்ணூறு தோல் பைகளும் டெல்மரின் கார் ஷெட்டும்

எங்கள் குளியல் தொட்டியில் இருபத்துமூன்று குழாய்கள் படுத்திருந்தன. அவற்றை எழுப்பி, நடையில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் நான் குளிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த வாழ்வு இது.

டொலிடோ நகரத்தில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்தார்கள். ஊமைப்படக் காலத்தில் திரைக்கு முன்னால் முழங்கிய ராட்சத ஆர்கன், நூற்றுக்கணக்கான குழாய்களில் காற்றடித்து வாசிக்கும் வாத்தியம், உள்ளே கிடந்தது. என் கணவர் டெல்மரும் அவருடைய ஆர்கன் சங்கத்து ஆட்களும் அதைக் காப்பாற்றினார்கள். நான்கு லாரி. காப்பாற்றியது அவர்கள், மாட்டிக்கொண்டது நான்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கண்ணு" என்று கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டால் வீட்டில் எதையோ இடிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"எந்தச் சுவரு?" என்றேன்.

"சுவரு இல்ல. மாடியில நீ துணி தைக்கிறியே, அந்த ரூம். குழாய்ங்களுக்கு மூடின அறை வேணும். தரையில ஓட்டை போட்டு ஷட்டர் வெச்சா, சத்தம் நேரா கூடத்துல இறங்கும்."

"என் மெஷின் எங்க இறங்கும்?"

"கீழ, மோட்டார் பக்கத்துல."

"அது ஆர்கனுக்குக் காத்தடிக்கிற மோட்டாராச்சே! துணியெல்லாம் பறக்காதா?"

"பறந்தா பிடிச்சுக்கோ!"

பதினாறு வருடமாக அது என் அறை. இந்த வீட்டில் நான் நிம்மதியாகக் கவலைப்பட வேறு இடமே இல்லை. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் டெல்மரின் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் பசையில் ஒட்டிக்கொண்டு வாத்துக் கால் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் ஒரு குட்டித் தோல் பை உண்டு. அது உப்பினால்தான் குழாய் பாடும். பழைய தோலெல்லாம் பொடிந்துவிட்டது. புதிதாக எண்ணூறு வேண்டும். டெல்மர் நாற்பது செய்திருந்தார். நாற்பதிலும் காற்று ஒழுகியது. நானோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். பதினோரு வருடம் தோலோடு பேசியிருக்கிறேன்.

"நான் செஞ்சு தரேன்."

"கண்ணு!"

"இரு. எனக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேணும். தோல் வேலை முடியிற வரைக்கும் அந்த ரூமைத் தொடக் கூடாது."

"அதுக்கென்ன, ஒரு மாசம்தானே?"

முதல் வாரம் ஒன்பது பை கொடுத்தேன். அடுத்த வாரம் ஆறு.

"என்ன லவோன், குறைஞ்சுகிட்டே போகுது?"

"தோலு ஈரமா இருக்கு."

"நல்லா வெயில் அடிக்குதே!"

"இப்ப ரொம்பக் காஞ்சுபோச்சு."

ஆகஸ்டில் சங்கத் தலைவர் ஓரின் நாள் குறித்துவிட்டார். வீட்டில் ஆர்கன் வைத்தவர் ஒரு நாள் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். மூன்று மாவட்டத்து ஆட்களும் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு வந்து, வரிசையாக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். நாளைத் தள்ளிப்போட்டவரை அடுத்த பத்து வருடம் கிண்டல் செய்வார்கள். எங்கள் முறை அக்டோபர் இரண்டாம் ஞாயிறு.

"இன்னும் எழுநூறு பாக்கி!" என்று டெல்மர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன பண்ண? ரூம் போயிடுமேன்னு கவலை. கவலைப்பட்டா கை ஓட மாட்டேங்குது."

"அப்ப குழாயை என் தலையிலயா வைக்கிறது?"

"கார் ஷெட்டும் கூடமும் ஒரே சுவருதானே?"

டெல்மர் வெளுத்துப்போனார். கார் ஷெட் அவருடைய ராஜ்யம். கார், ரேடியோ, பேஸ்பால் கேட்க ஒரு நாற்காலி.

"கார் எங்க நிக்கும்?"

"வெளிய. அதுக்கென்ன பாடவா போகுது?"

"குளிர்ல குழாய்க்குச் சுருதி கெட்டுடும்!"

"ஹீட்டர் போடு."

இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் கூடத்துச் சுவரில் ரம்பம் ஓடியது. ஓட்டை நன்றாகப் பெரிதாகட்டும் என்று காத்திருந்து, மாடியிலிருந்து நான்கு தொப்பிப் பெட்டிகளை இறக்கினேன். பை எழுநூறும் உள்ளே இருந்தது.

"இதெல்லாம் எப்ப முடிச்ச?"

"மே மாசம்."

அவர் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்தார்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு காலையில் அந்த வருடத்தின் முதல் உறைபனி. குழாய்கள் ஷெட்டுக்குள் கதகதப்பாக இருக்க, டெல்மர் வாசலில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மதியம் அறுபது பேர் வந்தார்கள். ஆர்கன் முழங்கியதில் அலமாரித் தட்டுகள் ஆடின. ஒரு குழாய்கூட இருமவில்லை.

ஓரின் மிச்சமிருந்த ஒரு பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல. யாரு செஞ்சது?"

"என் பொண்டாட்டிதான்" என்றார் டெல்மர், என்னைப் பார்க்காமலே. "அதுக்குன்னே மாடியில தனி ரூம் வெச்சிருக்கா. விட்டே கொடுக்க மாட்டா."

புதன்கிழமைக்குள், தங்கள் ஆர்கனுக்கும் தோல் பை செய்து தரச் சொல்லிப் பதினோரு வீட்டுக்காரர்கள் அனுப்பிய பெட்டிகள் மாடியேறிவிட்டன. அறை என்னுடையதேதான், உள்ளே நுழையத்தான் வழியில்லை.