வழியில் யாரோ எடுக்கிறார்கள்

கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு வியாதியும் சேர்ந்து வரும். கணக்கு கொஞ்சம் உதைத்தால் போதும், பக்கத்து சீட்காரர் போட்டிருக்கும் சட்டை புதுசா என்று பார்க்கத் தோன்றும். எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முற்றிவிட்டது.

பல்லாவரத்தில் தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து வரும் டாலரைக் கணக்கு மென்பொருளில் பதிவது என் வேலை. ஐயாயிரம் டாலருக்குப் பில் போட்டால் வந்து சேர்வது ஐயாயிரமாக இருக்காது. ஒரு தடவை இருபது குறையும், ஒரு தடவை முப்பது. வந்ததை மட்டும் பதிவேன். மீதி, பாக்கி என்று சிவப்பு எழுத்தில் நின்று என்னை முறைக்கும்.

பேங்குக்குப் போய்வருகிறவர் ஜெபராஜ் அண்ணன். சமீபத்தில் புது பைக் வாங்கியிருந்தார். வேலை பார்க்கும்போது விசிலடித்தார். (நிம்மதியான ஏற்றுமதிக் கம்பெனி ஊழியரை நான் பார்த்ததில்லை.) பேங்குக்குப் பேங்கு பறந்து வரும் பணத்தை ஒரு மனிதர் எப்படி நடுவில் பிடித்துச் சட்டைப்பையில் போடுவார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“ஜெபராஜ் எங்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கான்மா. ஆதாரம் கொண்டா. இல்லேன்னா நீ வேற வேலை பாத்துக்க.”

அன்று சாயங்காலமே துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, என் ஸ்கூட்டரில் அண்ணனின் பைக்கைத் தொடர்ந்தேன். தாம்பரம் தாண்டி, செம்பாக்கம் ஏரிப்பக்கம் ஒரு தெருவில் நுழைந்தார். அவர் வீட்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றது. மணல் குவியல், செங்கல், மேலே எழும்பிக்கொண்டிருக்கும் மாடி. முப்பது முப்பது டாலராகச் சேர்த்தே மாடி கட்டுகிறார்!

போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. அவருடைய அம்மா.

“யாரும்மா நீ? மாடியையே பாத்துட்டு நிக்கிற?”

ஜெபராஜ் ஆபீஸில் வேலை செய்கிறேன் என்று உளறினேன். அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீயும் முறுக்கும் வைத்தார். எந்த சர்ச், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். நான் மென்றுகொண்டே பதில் சொன்னேன்.

“அவன் வாயத் தொறந்து சொல்லவே மாட்டான். நாங்க எப்ப உங்க வீட்டுக்கு வந்து பேசலாம்?”

கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தேன்.

“அதில்ல ஆன்ட்டி... அவர் கம்பெனி டாலர எடுக்கிறார்னு சந்தேகப்பட்டுதான் வந்தேன்.”

முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்தம்மா என் கையிலிருந்த தட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கோபப்பட்டிருந்தால் தேவலை. என் பையிலிருந்த ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். பணம் பல பேங்குகள் வழியாக வரும், ஒவ்வொருவரும் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள் என்று பொறுமையாக விளக்கினார். வரவு பதியும் பக்கத்தில் தொகைக்கு நேர் கீழேயே ‘வங்கிக் கட்டணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து நான் தொடாத கட்டம். மேலே பில் தொகையை முழுசாகப் போட்டு, குறைந்த முப்பதை அதில் போடச் சொன்னார். போட்டேன். சிவப்பு மறைந்தது. என் முகத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

மறுநாள் முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “புதுசு சார், விடுங்க” என்று அண்ணன் சொன்னதால்தான் வேலை மிஞ்சியது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, வேறொருவரோடு. மேடையேறி வந்த அண்ணனின் அம்மா என் கையில் மொய்க் கவரைத் திணித்தார். வீடியோக்காரர் அருகிலேயே நின்றார்.

“ஐநூறு வச்சிருந்தேம்மா. பேங்க் சார்ஜ் போக நானூத்தி எழுபது இருக்குது.”

அந்த வீடியோவைப் பார்க்காத சொந்தக்காரர்கள் எங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து கடைக்குப் போய்வரும் என் கணவர் மீதிச் சில்லறையை முழுசாகக் கொடுத்ததில்லை. கேட்டால் பேங்க் சார்ஜ் என்கிறார். மகளும் பழகிவிட்டாள். அந்தக் காசில் இரண்டு பேரும் சமோசா தின்கிறார்கள் என்பது என் பலத்த சந்தேகம். நிரூபிக்க வேண்டுமானால் பின்னாலேயே போக வேண்டும். வேண்டாம், தின்றுவிட்டுப் போகட்டும்.