மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்றவர்

விவேக் நகர்,
பெங்களூரு.

கப்பல் சமையற்கட்டை ஆளும் மாண்புமிகு அண்ணன் டொமினிக் அவர்களுக்கு, கரையில் அம்மாவின் ஆட்சிக்குக் கட்டுப்பட்டு வாழும் தம்பி பிரசன்னா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், நீ வைக்கும் குழம்பைச் சாப்பிடுகிறவர்களின் சுகத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

ஆழ்ந்த துயரத்தோடு ஒரு செய்தியை அறிவிக்கிறேன். புயலின் வால் பெங்களூரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனதில், நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துவிட்டது. அன்னார் வெயில் மழை பாராமல் உழைத்தவர். கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பாகீரதி ஆன்ட்டியின் துளசிமாடத்தில் விழுந்து இரண்டாகப் பிளந்தார். "ஏனோ பிரசன்னா, உன் மூடி என் துளசி மேலே பித்தோய்த்து கணோ!" என்று ஆன்ட்டி பாதிக் கன்னடத்தில் கத்தியதே இறுதி அஞ்சலி. அடக்கம்...

இந்த இடத்தில் அம்மா பின்னாலிருந்து படித்துவிட்டு மண்டையில் குட்டினார். "கழுதை, அந்தப் பொண்ணு என்ன ஆச்சோன்னு அவன் அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கறான். நீ மூடிக்குக் கருமாதி பண்றியா? முதல்ல அதை எழுதுடா!"

சரி. அண்ணா, ஆஞ்சலா அண்ணி பத்திரமாக இருக்கிறார். கண்ணால் பார்த்தேன், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தேன். வீட்டுக் கூரை போய்விட்டது, ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் கல்யாணமும் குறித்த தேதியில் நடக்கும். நடுவில் அது நின்றுபோக இருந்தது. அதைக் காப்பாற்றியது யார் என்பதை, அடக்கத்தின் காரணமாகக் கடைசியில் சொல்கிறேன். இப்போது மூச்சு விடு, மேலே படி. கப்பல் மெயிலில் படம் வராது என்று நீ சொன்னதால் எழுத்திலேயே படம் காட்டுகிறேன்.

அண்ணியின் கடலோர ஊரில் போன் கோபுரமெல்லாம் சாய்ந்து, யாரைக் கூப்பிட்டாலும் அந்தப் பெண் குரல் மூன்று மொழியில் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் "ஆஞ்சலா?" என்ற உன் ஒற்றைச் சொல் மெயில் வந்தது. அம்மா நவநாள் பூசைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து வானிலைக்காரரைத் திட்டினார். அந்த நவநாள் பூசையில் நம் ஃபாதர் ஞானப்பிரகாசம், "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் போட்டி கிடையாது. குடிலுக்கு வைத்திருக்கும் தார்ப்பாய், மூங்கில், தகரம் எல்லாம் கடலோரத்தில் நிஜக் குடிசைகளுக்குப் போகட்டும். போட்டி போடத்தான் வேண்டுமென்றால் எந்தத் தெருவின் அன்பியக் குழு அதிகம் கொடுக்கிறது என்று போடுங்கள்" என்றார். உனக்கே தெரியும், நம் பங்கில் போட்டி என்று சொன்னால் பூசைக்கு வராதவன்கூட வருவான். தெருத்தெருவாக வசூல் பண்ணினேன். பெங்களூர்க்காரனுக்குக் கஷ்டம் என்றாலே குளிர்தான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. கொட்டின துணியில் முக்கால்வாசி ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா. வேர்த்து வழியும் ஊருக்கு இதையா அனுப்புவது என்று நான் கேட்டதற்கு, துணி பிரிக்கும் பொறுப்பிலிருந்த பியாட்ரிஸ் ஆன்ட்டி, "குடுக்கறவங்க மனசைப் பாருடா, தெர்மாமீட்டரைப் பாக்காத" என்றார். கிழிந்தது, சாயம் போனது ஒன்றையும் அவர் மூட்டைக்குள் விடவில்லை. ஆனால் நான் நம் வீட்டிலிருந்து கொண்டுபோன பையைத் திறந்து பார்த்தவர் மைக்கை வாங்கி, "இந்தக் குடும்பத்து மனசுதான் மனசு!" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நம் அன்பியம்தான் முதலிடம் அண்ணா.

லாரி ஆனேக்கல் சீனு அண்ணனுடையது. ஃபாதர் நடுவில், நான் ஜன்னலோரம். ஓசூர் தாண்டியதுமே ஃபாதர் ஜெபமாலையோடு தூங்கிவிட்டார். நான் மட்டும் வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிப் பாதையைக் கண்காணித்துக்கொண்டே வந்தேன். என் உழைப்பைப் பார்த்து சீனு அண்ணன், "இந்தப் பையனுக்கு இருக்கற தைரியம் யாருக்கும் வராது சாமி" என்று ஃபாதரை எழுப்பிச் சொன்னார்.

ஊர் எப்படி இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. தென்னை மரங்களெல்லாம் தலை வாராத பெண்கள் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. படகு ஒன்று ரேஷன் கடை வாசலில் நின்றது, அரிசி வாங்க வந்ததுபோல. கோயிலில் சுவர் இருந்தது, கூரை இல்லை. ஊர் மொத்தமும் பள்ளிக்கூடத்தில். அண்ணி அங்கே பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, "அவரு சாப்பிட்டாரா?" என்று கேட்டார். "கப்பலுக்கே சமைக்கிறவர் அவர்தான் அண்ணி, சாப்பிடாமலா இருப்பார்?" என்றேன். சிரித்தார், உடனே அழுதார், அழுதுகொண்டே டீ போட்டார். டீயில் உப்புக் கரித்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இனிமேல்தான் சிக்கல். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற அறிவிப்பு ஓலை, உங்களுக்கு இங்கே மூன்றும் வாசித்தாகிவிட்டது. அங்கே இரண்டுதான் முடிந்திருந்தது. மூன்றாவதை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் புயல் வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாவது இல்லாமலே நடத்த ஆயரிடம் விலக்கு வாங்கிவிடலாம் என்றார் ஃபாதர். ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஊர் வழக்கத்தில் மூன்றாம் ஓலை வாசிக்கும்போது பெண்ணைப் பெற்றவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். 'என் மகளைக் கொடுக்கிறேன்' என்பதற்கு அதுதான் சாட்சி. உன் மாமனார் சவரிமுத்து மாமாவோ மேலே ஏதோ கம்பெனி பெயர் போட்ட இரவல் பனியன், கீழே நிவாரண லுங்கி என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கோச்சிக்காத. வூடு போச்சு, வலை போச்சு. இரவல் துணியோட நான் எந்திரிச்சு நிக்க மாட்டேன். ஓலை வேணாம். கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்."

"எப்போ வரைக்கும் மாமா?"

"நான் நிமுந்து நிக்கற வரைக்கும்."

அண்ணி அண்டாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றார். உனக்கு லீவு கிடைக்க எவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்தது, இதை விட்டால் அடுத்த லீவு எப்போது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்போது நான் வாயைத் திறந்தேன். "மாமா, ஓலைக் கூரைதான் போச்சு, ஓலையாவது நிக்கட்டும்" என்று தொடங்கி, கண்ணீர் வரும்படி ஒரு உரை நிகழ்த்தினேன். என்னென்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை, அவ்வளவு உணர்ச்சி.

மறுநாள் ஞாயிறு. போன வருஷம் நம் குடிலுக்கு வானமாகக் கட்டிய நீலத் தார்ப்பாய் ஞாபகமிருக்கிறதா, வெள்ளிக் காகித நட்சத்திரம் ஒட்டியது? அதைத்தான் கோயில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினோம். அதன் கீழே பூசை. சவரிமுத்து மாமா வந்தார் பார், எல்லோரும் திரும்பினார்கள். லுங்கிக்கு மேலே பளபளவென்று கறுப்புக் கோட்டு! கோட்டு எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை, பெரியவர்கள் விஷயம். வாசலில் ஒரு கிழவர் அவரைத் தாசில்தார் என்று நினைத்து, படகுக்கு நஷ்டஈடு கேட்டு மனுவே கொடுத்துவிட்டார். மாமா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். புயலுக்கப்புறம் அந்த ஊர் சிரித்தது அப்போதுதான் என்று அண்ணி சொன்னார். ஓலை வாசித்தார்கள். "இவர்கள் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்றதும் கடல் மட்டும் ஏதோ சொன்னது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாமா எழுந்து நின்றார். நிமிர்ந்தே நின்றார்.

ஸ்வெட்டர்களும் வீணாகவில்லை. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் குரங்குக் குல்லாவுக்கு அடித்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு நீ நல்லபடியாக வந்து சேர்வாயாக. உன் கப்பலுக்கு அமைதியான அலையும், உன் சாம்பாருக்கு அளவான உப்பும், திருமண வாழ்வில் உனக்குப் பொறுமையும், அண்ணிக்கு அதைவிட அதிகப் பொறுமையும் அருளும்படி மாதாவை வேண்டும்,

உன் வீரத் தம்பி,
பிரசன்னா

பின்குறிப்பு: அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். அதனால் உண்மையை எழுதுகிறேன். பாதையைக் கண்காணித்தேன் என்றேனே, அது வாந்தி. கிருஷ்ணகிரியில் தொடங்கியது, கடல் தெரிந்த பிறகுதான் நின்றது. உரை நிகழ்த்தினேன் என்றேனே, முதல் வரியிலேயே எனக்கு அழுகை வந்து விக்கல் எடுத்துவிட்டது. கண்ணீர் வந்ததெல்லாம் எனக்குத்தான். அந்த நேரத்தில் ஃபாதர் ஒரு மூட்டையைப் பிரித்து, அதிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். உள்ளே கறுப்புக் கோட்டு.

அண்ணா, அப்பா தன் பழைய கல்யாணக் கோட்டைக் கொடுக்கச் சொல்லியிருந்தார், "எனக்கே ஒரு கைதான் நுழையுது, எடுத்துட்டுப் போ" என்று. பீரோவில் ஒரே மாதிரி இரண்டு கவர் தொங்கியது. நான் ஜிப்பைத் திறந்து பார்க்கவில்லை. சிவாஜிநகரில் நீ நாலு தடவை அளவு கொடுத்துத் தைத்த உன் கல்யாணக் கோட்டு அது.

திருப்பிக் கேட்கலாம் என்றுதான் பூசை முடிந்ததும் மாமா பக்கத்தில் போனேன். அவர் காலரின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "தம்பி, இது என்ன எழுத்து?" என்றார். "டி, மாமா." "நம்ம மாப்பிள்ளை பேருக்கும் அதானே முதல் எழுத்து? பாத்தியா, மாதா பேர் பாத்து அனுப்பியிருக்கா!" மாதாவையே சாட்சிக்கு இழுத்துவிட்டார். "ரொம்பப் பொருத்தமா இருக்கு மாமா" என்றேன்.

கல்யாணத்தைக் காப்பாற்றியது யார் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? உன் கோட்டுதான். கல்யாணத்தன்று அது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உன்னை நோக்கி நடந்து வரும். கை மட்டும் ஒரு மடிப்பு மடித்திருக்கும். முறைக்காதே. அப்பாவின் கோட்டு உனக்காகப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அம்மா தினமும் அந்தக் கவரைத் தடவிப் பார்த்து, "என் புள்ள ராஜா மாதிரி இருப்பான்" என்கிறார். இருப்பாய். பட்டன் மட்டும் போட்டுவிடாதே.