வெங்கடரமணன் சாருக்கு நான் கொடுத்த நோட்டீஸ்

சித்தூர்,
சனிக்கிழமை.

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை தபீதாளுக்கு அண்ணன் சாந்தகுமார் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி டெபோராவும் தேவகிருபையால் சுகம். ரேணிகுண்டாவில் உன்னையும் அவர் குறைவின்றி வைப்பாராக. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

நீ மூட்டை கட்டலாம். அங்கே உன் வீட்டு ஓனர் முரளி காலி செய்யச் சொல்லித் தொல்லை கொடுக்கிறார், நம் மாடிப் போர்ஷனைக் கொடு என்று கேட்டாயே, அதில் நாலு மாதமாக வாடகை தராமல் இருக்கும் தெலுங்கு வாத்தியார் வெங்கடரமணன் சாருக்கு நோட்டீஸ் தயார். வக்கீல் இல்லாமல் நானே தயாரித்தேன் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், நீயும் சொல். தெலுங்கில் இருந்தால்தான் மதிப்பு என்றான் பக்கத்து வீட்டு பிலிப். எனக்கு வாயில் தெலுங்கு சரளமாக வரும், ஆனால் படித்தது தமிழ் மீடியம், எழுத்து என்றால் பஸ் போர்டோடு சரி. நம் தெருவில் பிழையில்லாமல் தெலுங்கு எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான், அதனால் மாடிக்குப் போனேன்.

மனிதர் முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளம் போடாததால்தான் பாக்கி என்று வருத்தப்பட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது நாள் அவகாசம் என்றேன். "அவ்ளோ எதுக்கு சார்? பதினஞ்சு போடுங்க. முப்பதுன்னா நான் சும்மா குந்திக்கினு இருப்பேன்" என்றார். நான் சொன்ன 'தயவுசெய்து'வையும் அவரே அடித்தார். முடித்து உரக்கப் படித்தவர், "எனக்கே ஒடம்பு ஒதறுது சார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது தபீதா, நம் நைனா கட்டின வீட்டிலிருந்து இப்படி ஒரு நோட்டீஸ் கிளம்பும் என்று யார் நினைத்தார்கள்! அங்கேயே கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன், பெற்றுக்கொண்டேன் என்று அவரும் போட்டார். "அவரத் தொரத்த அவருகிட்டயே எழுதி வாங்கிக்கினு வர்றீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு உன் அண்ணி மாடிக்கு நாலு தோசை அனுப்பினாள். அவளுக்கு நிர்வாகம் தெரியாது.

ஆகவே முதல் தேதி வண்டி பிடித்து வந்துவிடு. கர்த்தர் உன் பயணத்தை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சாந்தகுமார்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்து பத்து நாள் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். அதற்குள் வெங்கடரமணன் சார் நாலு மாதப் பாக்கியையும் மொத்தமாகக் கட்டிவிட்டார். நான் நோட்டீஸைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினேன், அதைப் பார்த்து மாடிப்படியில் வீட்டுக்காரர்கள் வரிசை. ஒரு நோட்டீஸ் எழுத சார் ஆயிரம் வாங்குகிறார். இனி அவரை எப்படிப் போகச் சொல்வது? மூட்டையை அவிழ்த்துவிடு. முழுவதும் அவிழ்க்காதே, நேற்று உன் ஓனர் முரளியும் ரேணிகுண்டாவிலிருந்து வந்து ஒன்று எழுதி வாங்கிப் போனார். அது வந்ததும் தெலுங்கு தெரிந்த யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேள். பெயரும் விலாசமும் தவிர அத்தனையும் உன் அண்ணனுடைய நோட்டீஸ்தான்.