மெஷின் அடுக்கிய ஓலை

"தம்பி, உங்க மெஷினுக்கு அகர வரிசை தெரியுமா?"

ஐயர் இப்படிக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தபோது, எஸ்றா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்நேரமும் அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

ஐயர் என்றால் எஸ்றாவின் சபைக் குருவானவர். அந்தப் பக்கத்தில் அங்கி போட்ட குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் கையில் ஒரு கசங்கிய தாள் இருந்தது.

"இங்கிலீஷ் எழுத்து வரிசை தெரியும் ஐயா. சொன்னபடி அடுக்கும்."

"அப்ப நான் பிழைச்சேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார் ஐயர்.

அவர் கவலை நியாயமானதுதான். ஈஸ்டர் முடியும்வரை சபையில் கல்யாணம் கிடையாது. முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பதற்குப் பெயர்தான் ஓலை. போன வருஷம் யார் பெயரை முதலில் வாசிப்பது என்பதில் இரண்டு குடும்பங்கள் முட்டிக்கொண்டன. தோற்ற குடும்பம் இன்றைக்கும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறது.

"இந்த வருஷம் ஆறு ஜோடி. சுந்தர்சிங் அப்பா கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர். அதனால அவன் பேரு முதல்ல இருக்கணுமாம். அதெல்லாம் முடியாது, மெஷின் போட்ட வரிசைன்னு சொல்லிருவேன். மெஷின்கிட்ட யாரு சண்டைக்குப் போவா?"

அந்த மெஷின், பீச் ரோட்டில் எஸ்றா வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு கம்பெனிக்கு அந்த வருஷம்தான், அதாவது எழுபத்தொன்பதில், மதராஸிலிருந்து லாரியில் வந்திருந்தது. கம்ப்யூட்டர் என்று பெயர். பார்வைக்கு இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டர். அதில் ஒரு கட்டளையை அடித்தால், உப்பு எந்தக் கப்பலில், பஞ்சு எந்தக் கப்பலில் என்று படபடவெனக் காகிதத்தில் அடுக்கித் தள்ளும். அதை ஓட்டத் தெரிந்தவன் எஸ்றா மட்டும்தான். பக்கத்து மேஜை டைப்பிஸ்டு ஹில்டா பார்த்துப் பார்த்துப் பாதி கற்றிருந்தாள்.

எஸ்றா முதல் பத்தியில் மாப்பிள்ளைகள் பெயரையும் இரண்டாம் பத்தியில் பெண்கள் பெயரையும் அடித்தான். முதல் வரி: சுந்தர்சிங், சாயர்புரம் ஜெயசெல்வி. கடைசி வரி: எஸ்றா, சாயர்புரம் ஜீவமணி.

ஆமாம், கடைசி மாப்பிள்ளை அவன்தான். அந்த வரியை அடிக்கும்போதே அவன் மனசு சாயர்புரத்துக்குப் போய்விட்டது.

அங்கே பெண் பார்க்கப் போனபோது, உள் அறையில் ஹார்மோனியத்தோடு யாரோ கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிவதற்குள் காபி வந்துவிட்டது. வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்றா, டம்ளரைத் தொட்டுச் சுட்டுக்கொண்டான். "சூடு, பாத்து" என்றது ஒரு குரல். நிமிர்ந்தான். தட்டைப் பிடித்தபடி அவள் சிரித்தாள். ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெரியவர்கள் பேசினார்கள், யார் யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள், அம்மா ஏதோ கேட்டாள், அவன் தலையாட்டினான். எதுவும் நினைவில்லை. அன்றிலிருந்து உப்பளத்தைப் பார்த்தாலும் அந்தப் பல்தான், தூரத்துத் தோணியின் பாயைப் பார்த்தாலும் அந்தப் பல்தான். அவளைக் கட்டிக்கொள்ளாவிட்டால் செத்துப்போவோம் என்று எஸ்றா உண்மையாகவே நம்பினான்.

இனி கட்டளை. 'சார்ட்', அதாவது அடுக்கு, என்று அடித்து, எந்தப் பத்தி என்று எண்ணைக் கொடுத்து, கடைசியில் 'ஆல்' என்று அடிக்க வேண்டும். ஆல் என்றால் முழு வரியும் சேர்ந்து நகரும். ஆல் இல்லாவிட்டால் அந்த ஒரு பத்தி மட்டும் நகரும், பக்கத்துப் பத்தி இருந்த இடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும்.

எண்ணை அடித்த அந்த நேரம் பார்த்து, கடலில் ஒரு தோணி பாய் விரித்தது.

எஸ்றா அதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். மெஷின் படபடத்தது. ஐயர் தாளைக் கிழித்து மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் கண்ணாடியை மாட்டி, கம்பீரமாக வாசித்தார். "நம் சபையைச் சேர்ந்த எஸ்றாவுக்கும், சாயர்புரம் சபையைச் சேர்ந்த ஜெயசெல்விக்கும்..."

தன் பெயர் முதலில் வந்த மயக்கத்தில் எஸ்றா சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா தொடையில் கிள்ளிய பிறகுதான் மற்றது காதில் ஏறியது.

ஐயர் நிறுத்தவில்லை. இன்னொரு மாப்பிள்ளை செல்வதுரைக்குப் பேசியிருந்த பாளையங்கோட்டைப் பெண் வேறு யாருக்கோ போனாள். செல்வதுரைக்கு யாரோ ஒரு நாசரேத்துப் பெண் வந்தாள். கடைசியாக, "சுந்தர்சிங்குக்கும், சாயர்புரம் ஜீவமணிக்கும்" என்று முடித்து, "தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். ஆராதனை நடுவில் வாயைத் திறக்கும் பழக்கம் யாருக்கும் இல்லாததால், எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஃபேன் மட்டும் சத்தம் போட்டுச் சுற்றியது.

வெளியே வந்ததும் பூவரச மரத்தடியில் ஒரே கூச்சல்.

"நாங்க பேசினது பாளையங்கோட்டையில்லா! நாசரேத்து எங்க இருந்து வந்துச்சு?" என்று செல்வதுரை கத்தினான்.

கோயில் பெருக்கி மணியடிக்கும் கிருபை மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கும் பிறந்த ஊர் சாயர்புரம்தான். "தம்பி, ஜெயசெல்வி நல்ல பிள்ளையாக்கும். எனக்குத் தெரிஞ்ச பிள்ள. ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருப்பா" என்றாள்.

"நீங்க வேற சும்மா இருங்கக்கா!" என்று எஸ்றா எரிந்து விழுந்தான். அவன் கண் சுந்தர்சிங் மேல் இருந்தது. துறைமுகத்தில் இழுவைக் கப்பல் எஞ்சினியர். ஆறடி உயரம், அரிவாள் மீசை, புல்லட் மோட்டார் சைக்கிள். அவன் கோபப்படாமல் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றதுதான் எஸ்றாவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஐயர் ஆபீசுக்கு வந்தார். "என் கண்ணுதான் தம்பி. வரி ரொம்ப நெருக்கம். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் தாவிட்டேன்போல."

எஸ்றாவுக்கு உண்மை தெரியும். தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் மெஷின்மேல் பழி வந்தால் மானேஜர் தன்னை உப்பு மூட்டை எண்ண அனுப்பிவிடுவார் என்பதும் தெரியும். அவன் இருமினான்.

"ஒண்ணு செய்யலாம். கீழ கீழ போடாம, அகலமாப் பக்கத்துப் பக்கத்துல இடம் விட்டுப் போடுங்க" என்றார் ஐயர்.

"பத்தியத் திருப்பி வரியாக்கிருங்க" என்றாள் ஹில்டா. "ஒரு கட்டளை இருக்கில்லா?"

இருந்தது. எஸ்றா இந்தத் தடவை ஆல் போட்டு ஜோடிகளைச் சரியாக அடுக்கினான். பிறகு திருப்பினான். மாப்பிள்ளைகள் எல்லாம் மேல் வரியில், ஒவ்வொருவருக்கும் நேர் கீழே அவரவர் பெண்.

"ஐயா, மேலயிருந்து கீழ வாசிக்கணும். மறந்துராதிய."

"அதெல்லாம் மறப்பேனா?"

மறந்தார். பிரசங்கபீடத்தில் ஏறி நின்று, வாழ்நாளெல்லாம் வாசித்த மாதிரியே இடமிருந்து வலமாக வாசித்தார். "நம் சபையைச் சேர்ந்த எஸ்றாவுக்கும், நம் சபையைச் சேர்ந்த செல்வதுரைக்கும் பரிசுத்த விவாகம் நடக்க இருக்கிறபடியால், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்..."

"எனக்குத் தடை இருக்கு ஐயா!" என்று செல்வதுரை எழுந்தே நின்றுவிட்டான்.

அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து ஓலைக்கு எழுந்த முதல் தடை அதுதான். கடைசிப் பெஞ்சுக் குடும்பம் வெகு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து சிரித்தது.

அம்மா வீட்டுக்கு வந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏலே, ஒனக்கு ஒரு பொம்பளப்பிள்ளகூடக் கெடைக்கலன்னுல்லா ஊரு சிரிக்குது! சாயர்புரத்துலயிருந்து ஆள் வந்துட்டுப் போயாச்சு. வார ஞாயித்துக்கிழமை பொண்ணோட அப்பாவே குடும்பத்தோட வாராராம். அன்னைக்கும் ஒழுங்கா வாசிக்கலன்னா, சம்பந்தமே வேண்டாமுன்னு சொல்லிட்டாராம்."

அன்று பகல் தூக்கத்தில் எஸ்றா கடலுக்கடியில் நடந்தான். அடியில் மணலெல்லாம் சிப்பி. திறந்த சிப்பிக்குள்ளெல்லாம் பெயர்கள் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்க்க, அலை வந்து ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போனது. நாற்காலியிலிருந்து விழுந்துதான் எழுந்தான்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் புல்லட் வந்து நின்றது. சுந்தர்சிங் உள்ளே வந்து, மெஷினை மரியாதையாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"எஸ்றா, ஒரு விஷயம். மொத வாரம் வாசிச்ச ஓலை எப்படி வந்துச்சு?"

"அது... ஒரு வார்த்த விட்டுப்போச்சு."

"அப்படியே விட்டுட்டா என்ன?"

"என்னது?"

சுந்தர்சிங் மீசையைத் தடவினான். அந்தப் பெரிய உடம்பு கூச்சத்தில் நெளிந்தது. "நான் இன்னும் என் பொண்ணப் பாத்ததில்ல. அப்பா பேசி முடிச்சிட்டாரு. ஆனா ஜீவமணி பாடிக் கேட்டிருக்கேன், நாசரேத்துக் கன்வென்ஷன் கூட்டத்துல. அன்னையிலயிருந்து எஞ்சின் சத்தத்துல கூட அந்தக் குரல்தான் கேக்குது. மெஷின் போட்டத தேவசித்தம்னு சொல்லிருவோமே? பெரியவங்ககிட்ட நான் பேசுதேன். நீங்க ஜெயசெல்வியக் கெட்டிக்கிடுங்க. அவளும் நல்ல பிள்ளதானாம்."

எஸ்றாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவன் தெத்துப்பல்லை இன்னொருத்தன் கேட்கிறான்! வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒருவனைப் பார்த்துக் கை நீட்டிக் கத்தினான்.

"நல்லாருக்கு ஒம்ம பேச்சு! ஜெயசெல்வி யாரு எவன்னே எனக்குத் தெரியாது. எனக்கு ஜீவமணிதான். உயிரு போனாலும் ஜீவமணிதான்!"

ஹில்டா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சுந்தர்சிங் பெருமூச்சு விட்டு எழுந்தான். "மனசு மாறுனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லும்" என்று சொல்லிப் போனான்.

எஸ்றா நாற்காலியைத் திருப்பி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒவ்வொரு பெயராக அடித்தான். சார்ட். ஒன்று. ஆல். ஹில்டா தாளை உரக்க வாசிக்க, அவன் ஐயருடைய கசங்கிய தாளோடு ஒப்பிட்டான். வரிக்கு வரி இடம் விட்டு, ஜோடி ஜோடியாக எல்லாம் சரியாக இருந்தது. மெஷினை அவனே தட்டிக்கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க மற்ற சபைக்காரர்களும் வந்திருந்தார்கள். சாயர்புரத்து ஆட்கள் ஒரு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எஸ்றாவுக்குத் துணிச்சல் இல்லை. பிரசங்கபீடத்தின் பக்கத்திலேயே போய் நின்று, ஐயருடைய தாளில் விரலை வைத்துக்கொண்டான்.

வாசிப்பதற்குச் சற்று முன்னால் முதல் பெஞ்சிலிருந்து சுந்தர்சிங் அவனைப் பார்த்தான். கடைசியாக ஒரு தடவை புருவத்தைத் தூக்கிக் கேட்டான். எஸ்றா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமாக ஆட்டினான்.

"எஸ்றாவுக்கும், சாயர்புரம் சபையைச் சேர்ந்த ஜீவமணிக்கும்..."

எஸ்றாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. ஐயரின் குரலும் நகர்ந்தது. பாளையங்கோட்டை செல்வதுரையிடம் திரும்பி வந்தது. எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி வரியில் சுந்தர்சிங்குக்கு ஜெயசெல்வி. தடை சொல்ல யாரும் இல்லை. சாயர்புரத்துப் பெரியவர் தலையசைத்தார், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எஸ்றாவுக்கும் அழுகை வந்தது. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

ஓடிய வேகத்தில் கோயில் படியில் கால் தடுக்கியது.

"படி, பாத்து" என்றது ஒரு குரல்.

அதே குரல். நிமிர்ந்தான். பூவரச மரத்தடியில் குடையை மடக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள். அவன் தட்டுத்தடுமாறி நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. எஸ்றாவுக்குக் கடல் முழுவதும் ஒரே பாயாக விரிந்தது. சிரித்துவிட்டு அவள் வேன் பக்கம் போனாள்.

பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற கிருபையின் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்றா குழறினான். "அக்கா, பாத்தியளா? என் ஜீவமணியப் பாத்தியளா?"

கிருபை வேனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜீவமணி இன்னும் உள்ளல்லா இருக்கா தம்பி, பாட்டுக்காரப் பிள்ள. இது அவளுக்குப் பக்கத்து வீடு, ஜெயசெல்வி. மொத வாரம் ஐயா ஒங்களுக்குன்னு வாசிச்சாவளே, அந்தப் பிள்ள!"